ஆகாய தூரத்தை மண்ணில் அளந்தவர்

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து தஞ்சாவூருக்கு நேராகப் போக முடியாது. நடுவில் கொள்ளிடம் ஓடுகிறது. அதைக் கடந்தால் காவிரி. பாலம் எங்கே இருக்கிறதோ, அங்கே போய்த்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும்.

ஆனால் பறவைக்குப் பாலம் வேண்டாம். விக்கிரமங்கலத்து மரத்திலிருந்து கிளம்பினால், நேரே தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் போய் உட்கார்ந்துவிடும். பஸ்ஸில் போகிறவருக்கு ஒரு தூரம். பறவைக்கு வேறு தூரம்!

ஆகாய விமானம் போகும் தூரமும் பறவை போகும் தூரம்தான். சென்னையிலிருந்து மங்களூருக்கு ரெயிலில் போனால் சுமார் 890 கிலோமீட்டர். ரெயில் பாலக்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆகாயத்தில் போனால் சுமார் 570 கிலோமீட்டர்தான்.

இந்த ஆகாய தூரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆகாயத்தில் கயிறு பிடித்து அளக்க முடியுமா?

விமானம் என்ற ஒன்று பிறப்பதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு மனிதர் இதை அளக்கக் கிளம்பினார். அதுவும் இதே சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே! தஞ்சைப் பெரிய கோவிலுக்கும் அவர் வந்தார். அங்கே ஒரு பெரிய ஆபத்தில் சிக்கினார். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

லாம்டன் இங்கிலாந்து நாட்டில், யார்க்ஷயர் பகுதியில், 1750-களில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். ஆனால் பையனுக்குக் கணக்கு என்றால் உயிர்! பள்ளிக்கூடத்தில் கணக்கை விரும்பிப் படித்தார்.

1781-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது அமெரிக்காவில் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்தது. லாம்டனை அங்கே அனுப்பினார்கள். யார்க்டவுன் என்ற இடத்தில் ஆங்கிலேயப் படை தோற்றது. லாம்டனும் கைதியானார்.

விடுதலையானபின், கனடாவில் பட்டாளத்து வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நிலங்களுக்கு எல்லை குறிக்கும் வேலையும் செய்தார். சுமார் 13 ஆண்டுகள் அங்கேயே ஓடிவிட்டன. மற்றவர்கள் பொழுதைப் போக்கியபோது, இவர் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தார். பூமியின் உருவம் எப்படிப்பட்டது, அதை அளப்பது எப்படி என்பதே அவருடைய சிந்தனை. ஒரு முறை சூரிய கிரகணத்தைப் பார்த்ததில், ஒரு கண்ணின் பார்வைகூடக் கெட்டுப்போயிற்று.

40 வயதைத் தாண்டிய பிறகு, அவருடைய பட்டாளம் இந்தியாவுக்கு வந்தது. அவரும் வந்தார். படிப்பு நிறைய இருந்தது. பதவிதான் இல்லை!

நட்சத்திரம் காட்டிய வழி

1799-ம் ஆண்டு. திப்பு சுல்தானுக்கும் கும்பெனிக்கும் கடைசிப் போர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், ஒரு நாள் இரவு, ஜெனரல் பெயர்டு என்பவர் ஒரு படையை நடத்திச் சென்றார். கும்மிருட்டு. லாம்டனும் கூட நடந்தார்.

லாம்டன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை! வடக்கே போக வேண்டிய படை, தெற்கே போய்க்கொண்டிருந்தது. தெற்கே இருந்ததோ திப்புவின் சேனை!

ஓடிப்போய் ஜெனரலிடம் சொன்னார். ஜெனரலுக்குக் கோபம் வந்துவிட்டது. நட்சத்திரத்தைக் கேட்டு நடக்க வேண்டிய அவசியம் தமக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு சந்தேகம் தீர, திசை காட்டும் கருவியை எடுத்துப் பார்த்தார்கள். லாம்டன் சொன்னதே சரி! படை திரும்பியது. பல உயிர்கள் பிழைத்தன.

போர் முடிந்தது. மைசூர் ராஜ்யம் வழியாகச் சென்னைக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை அளக்க வேண்டும் என்று லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். அவருடைய பட்டாளத்தின் தலைவராக இருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூ போரில் நெப்போலியனை வென்றவர் இவர்தான். இவர் லாம்டனுக்காகப் பரிந்து பேசினார். சென்னைக் கவர்னரும் அனுமதி கொடுத்தார்.

சீனச் சக்கரவர்த்திக்குப் போன சங்கிலி

அளப்பதற்குக் கருவி வேண்டுமே! கல்கத்தாவில் ஒரு சங்கிலி கிடைத்தது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அது முதலில் சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோனது. சக்கரவர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது!

கோணம் அளக்கும் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். தொலைநோக்கி பொருத்திய கருவி. லாம்டன் வரவழைத்தது சாதாரணக் கருவி அல்ல. அரை டன் எடை! அதைக் கொண்டுவந்த கப்பலை, நடுக்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கருவி மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பகைவர்கள். ஆனாலும், இது சண்டைக்கான பொருள் அல்ல, அறிவுக்கான பொருள் என்று தெரிந்ததும், பிரெஞ்சுக் கவர்னர் அதை மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, சென்னைப் பரங்கிமலையின் அடியில் வேலை தொடங்கியது. சித்திரை பிறக்கும் நேரம். அனல் வீசியது.

பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, நேர்கோட்டில் ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலியால் அளந்தார்கள். சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரத் தொட்டிகளில் வைத்து, அவற்றை முக்காலிகள்மீது ஏற்றி, மட்டம் பார்த்து அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அதனால் மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்தார்கள். கூடவே வெப்பமானியும் வைத்தார்கள். எத்தனை டிகிரி சூடு, அதனால் சங்கிலி எவ்வளவு நீண்டது என்று கணக்குப் போட்டார்கள். சுமார் 400 முறை சங்கிலியை எடுத்து எடுத்து வைத்தார்கள். வாரக் கணக்கில் நடந்தது இந்த வேலை.

ஆற்றைத் தாண்டாமல் அளக்கலாம்

ஏழரை மைல் அளந்தாயிற்று. மங்களூர் வரை இப்படியே சங்கிலி போட வேண்டுமா? வேண்டாம். இங்கேதான் கணக்கு உதவிக்கு வருகிறது.

கொள்ளிடக் கரையில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் ஓர் அரசமரம். அது எவ்வளவு தூரம்? ஆற்றில் இறங்க வேண்டாம். நீங்கள் நிற்கும் கரையில் 1,000 அடி தள்ளித் தள்ளி இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலும் நின்று, மற்ற முளைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் 60 டிகிரி வந்தால், மரமும் ஒவ்வொரு முளையிலிருந்தும் 1,000 அடி தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கோணம் வேறாக இருந்தாலும் கணக்கில் விடை வந்துவிடும்.

ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம். அதன்மேல் இன்னொன்று. இப்படி ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்கு முக்கோணம் முக்கோணமாகத் தாவிப் போகலாம். காடு குறுக்கிட்டாலும் கவலை இல்லை. ஆறு குறுக்கிட்டாலும் கவலை இல்லை. பறவை போகும் தூரம் காகிதத்தில் வந்து விழும்!

சொல்வது சுலபம். செய்வது கடினம். ஒவ்வொரு குன்றின் உச்சிக்கும் அரை டன் கருவியைத் தூக்கிப் போக வேண்டும். எதிர்க் குன்றில் கொடி நட வேண்டும். மழை, மூடுபனி, புழுதி இருந்தால் கொடி தெரியாது. நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கருவியைச் சுமந்தவர்களும், கொடி பிடித்தவர்களும், காடு வெட்டியவர்களும் நம் நாட்டுக் கூலி ஆட்கள். எத்தனையோ பேர் காட்டுக் காய்ச்சலில் மாண்டுபோனார்கள். அவர்கள் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

பல்லக்குக்காரன் போதாதா?

இதற்கிடையில் சென்னையில் ஒரு தடை கிளம்பியது. கும்பெனியின் செலவைக் கவனிக்கும் அதிகாரிகளில் ஒருவர், இந்த வேலை எதற்கு என்று கேட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் போக வேண்டும் என்று பல்லக்குத் தூக்கும் ஆளிடம் சொன்னால் போதும். லாம்டனின் படம் இல்லாமலே அவன் கொண்டுபோய் விட்டுவிடுவான் என்பது அவருடைய வாதம்!

கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். பல்லக்குக்காரனுக்கு வழி தெரியும். ஆனால் ஊர் எங்கே இருக்கிறது என்பது வேறு. ஊருக்கு வழி எது என்பது வேறு. வழி மாறும். புதுப் பாலம் கட்டினால் மாறும். வெள்ளம் வந்தால் மாறும். ஊர் இருக்கும் இடம் மாறாது. அந்த மாறாத இடத்தைத்தான் லாம்டன் தேடினார். கவர்னர் அவர் பக்கம் நின்றதால் வேலை நிற்கவில்லை.

40 மைலைக் காணோம்!

பெங்களூர் பக்கம் போனதும், 1804-ல் இன்னொரு முறை ஏழு மைல் தூரத்தைச் சங்கிலியால் அளந்து சோதித்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணக் கணக்குச் சொன்ன நீளமும், சங்கிலி சொன்ன நீளமும் ஒத்துப்போயின. வித்தியாசம் சில அங்குலம்தான்!

மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களைக் கொண்டுபோய் முடிக்க, நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முடிவில் எல்லோரும் திகைத்தார்கள். சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. உண்மையில் இருந்தது 360 மைல்தான். 40 மைலைக் காணோம்!

பூமி எங்கும் ஓடிவிடவில்லை. பழைய படங்கள் நடந்து போனவர்களின் கணக்கை வைத்துப் போட்டவை. வழியின் வளைவை எல்லாம் சரியாகக் கழிக்கவில்லை. பல்லக்குக்காரனின் கணக்குக்கும் லாம்டனின் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அந்த 40 மைல்!

பெரிய கோவிலில் அறுந்த கயிறு

பிறகு லாம்டன் தெற்கே திரும்பினார். 1808-ல் காவிரிப் பாசனப் பூமிக்கு வந்தார். இங்கே ஒரு புதுச் சங்கடம். எங்கும் சமவெளி. குன்று கிடையாது. தென்னையும் பனையும் கண்ணை மறைத்தன. என்ன செய்வது? கோவில் கோபுரங்கள் இருக்கின்றனவே!

தஞ்சைப் பெரிய கோவில் விமானம் சுமார் 200 அடி உயரம். ராஜராஜ சோழன் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பியது. அதன்மீது அரை டன் கருவியை ஏற்ற ஏற்பாடு நடந்தது. கயிறு கட்டி, மெல்ல மெல்ல இழுத்தார்கள்.

திடீரென்று ஒரு கயிறு அறுந்தது! கருவி ஊசலாடிப் போய்க் கோவில் கல்லில் மோதியது.

பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கோணம் காட்டும் வட்டத் தகடு நசுங்கி, வளைந்து கிடந்தது. அந்த வட்டம் துளி கோணினாலும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். இங்கிலாந்திலிருந்து வேறு கருவி வர வேண்டும் என்றால் ஆண்டுக் கணக்கில் ஆகும். செலவைக் குறை சொல்பவர்கள் வேறு காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்தது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

லாம்டன் யாரையும் திட்டவில்லை. நொறுங்கிய கருவியோடு ஒரு கூடாரத்துக்குள் போனார். தொழிலாளர் சிலரைத் தவிர, யாரும் உள்ளே வரக் கூடாது என்று கட்டளையிட்டார்.

ஒரு பெரிய பலகையில், வட்டத் தகடு இருந்த அதே அளவுக்கு ஒரு வட்டம் செதுக்கினார். நசுங்கிய தகட்டை அதில் வைத்தார். ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றைக் கொண்டு, மயிரிழை மயிரிழையாக இழுத்தார். வளைந்த இடம் நிமிர்ந்தது. அடுத்த இடம். அதற்கும் அடுத்த இடம். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஆறு வாரம்!

ஆறு வாரம் கழித்து அவர் வெளியே வந்தபோது, கருவி ஏறக்குறையப் பழைய உருவத்தில் இருந்தது. அதே கருவி அதன்பின் பல ஆண்டுகள் உழைத்தது. கன்னியாகுமரி வரை முக்கோணங்கள் போய்ச் சேர்ந்தன.

கூடாரத்திலேயே முடிந்த வாழ்வு

லாம்டன் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் கூடாரமே வீடு. அவர் அளந்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேல்! வெளிநாட்டு அறிஞர்கள்தான் முதலில் அவர் பெருமையை உணர்ந்தார்கள். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்கு மரியாதை செய்தது. பிறகு லண்டன் ராயல் சொசைட்டியும் அவரைச் சேர்த்துக்கொண்டது.

60 வயதைத் தாண்டியும் அவர் ஓயவில்லை. வடக்கே, இன்னும் வடக்கே என்று போனார். இருமல் வாட்டியது. நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி கண்ணை மூடினார். அவருக்கு வயது சுமார் 70. மராட்டிய மாநிலத்தில் உள்ள அந்த ஊரிலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

அவருடைய உதவியாளராக இருந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்ந்தார். 1841-ல் கன்னியாகுமரியிலிருந்து இமயமலையின் அடிவாரம் வரை, சுமார் 2,400 கிலோமீட்டர் தூரம் அளந்து முடித்தார்கள். பிறகு 1852-ல் வங்காளத்து ராதாநாத் சிக்தர், கணக்குப் போட்டு, உலகத்திலேயே உயரமான சிகரத்தைக் கண்டுபிடித்தார். அதன் உயரம் 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். 2020-ல் புதிய கருவிகளால் அளந்தபோது வந்தது ஏறக்குறைய 29,032 அடி. வித்தியாசம் 30 அடி! அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் என்று உதவியாளரின் பெயரை வைத்தார்கள். அடிக்கல் நாட்டிய லாம்டனின் பெயரை அதற்கு வைக்கவில்லை.

ஆகாயத்தில் என்ன பயன்?

விமானத்துக்கும் லாம்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

விமானத்துக்கு ரோடு கிடையாது. மைல் கல் கிடையாது. ஊர் எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட முடியும். 400 மைல் என்று நம்பிக்கொண்டு, 360 மைலில் முடியும் ஊருக்குப் பறந்தால் என்ன ஆகும்? ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்விடும்!

இன்னொன்றும் உண்டு. பூமி உருண்டை, ஆனால் சரியான உருண்டை அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையாக இருக்கும். அதனால் வடக்குத் தெற்காக ஒரு டிகிரி தூரம் நம் நாட்டில் சுமார் 110.6 கிலோமீட்டர். துருவத்துக்குப் பக்கத்தில் சுமார் 111.7 கிலோமீட்டர். பூமியின் இந்த உருவத்தைக் கண்டறிவதே லாம்டனின் பெரிய ஆசை. நெடுந்தூர விமானங்களின் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். இப்போது செயற்கைக் கோள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அவை வருவதற்கு முன், விமானிகள் நம்பியது லாம்டன் வழியில் போட்ட படங்களைத்தான்.

தூரம் ஒன்று, நேரம் வேறு. சென்னையிலிருந்து மங்களூர் 570 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் முக்கால் மணியில் போய்விட வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கிளம்பும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத்தான் போக வேண்டும். ஓடுபாதைக்கு நேராகத் திரும்ப வேண்டும். முறை வரும் வரை சுற்ற வேண்டியதும் உண்டு. எதிர்க்காற்று அடித்தால் இன்னும் தாமதம். ஆகாயத்திலும் வளைவு உண்டு!

இதே தூரத்தைக் கடக்க லாம்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பயணிக்கு இன்று ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம்!

சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பரங்கிமலை. மலையின்மீது லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். அறுந்துபோன கயிற்றுக்கு அழாமல், ஆறு வாரம் கூடாரத்தில் உட்கார்ந்து வளைந்ததை நிமிர்த்திய மனிதர் அவர் என்று சொல்லுங்கள்.